மேகத்துக்குள்ள கேட்ட கொரல்

இல்லீங்க அம்மிணி, நீச்சல் கொளத்துல எறக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்லீங்க. பாப்பாவுக்கு ஆசையா இருந்தா எறக்குங்க. நான் சொல்ல வந்தது வேற. ஆனா தப்பாச் சொல்லிப்புடுவனோன்னு பயமா இருக்குதுங்க. முன்னால சொல்ல வேண்டியதப் பின்னால சொல்லி, பின்னால சொல்ல வேண்டியத முழுங்கிப்போட்டு… அஞ்சாவதோட நின்னுபோச்சுங்க என் படிப்பு. அப்பறம் காப்பிக் காடுதான். கோர்வையாப் பேச வராது. காலையில இருந்து சேலத்துல ஆபீஸ்ல இதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு வர்றேன். இருந்தும் பழகல.

தொண்டைங்களா? ஒண்ணுமில்லீங்க, கட்டிக்கிச்சு. சளியெல்லாம் இல்ல, பாப்பாவுக்கு ஒட்டிக்காது. முட்டாய் வேண்டாங்க… சரி, குடுங்க.

அந்த ஜன்னலச் சித்த இழுத்து உட்டுக்கலாங்களா? பஸ்ஸு இந்த வளைவு தாண்டுனா குளுரு அடிக்கும். பாப்பா தூங்கறா பாருங்க, காதோட சேத்து மூடி உடுங்க. பையிலயிருந்து எட்டிப் பாக்குதே, அதானுங்களா நீச்சல் டிரஸ்ஸு? ரோஸ் கலரு. அதப் பாத்துத்தான் கேட்டேன், உங்க ஓட்டல்ல கொளம் இருக்குதான்னு. இல்லீன்னா நான் பாட்டுக்கு வாய மூடிட்டுத்தான் வந்திருப்பேன். இப்பவெல்லாம் ஆருகிட்டயும் பேசறதில்லீங்க. ஆரும் எங்கிட்டப் பேசறதும் இல்ல.

நான் மேல ஒரு ஸ்கூல்ல ஆயாங்க. ஆமாங்க, ஹாஸ்டல் இருக்கற ஸ்கூலு. பேரு வேண்டாங்க. எனக்குச் சொந்த ஊரு தலைச்சோலை. என்ற ஊட்டுக்காரரு எஸ்டேட்ல மொளகு பறிக்க மரம் ஏறுனவரு, உழுந்து போய்ச் சேந்துட்டாரு. அப்ப எம்புள்ள ஜெஸ்லினு கைக்கொழந்த. சர்ச்சுச் சாமியாரு ஒருத்தரு சொல்லித்தான் ஸ்கூல்ல வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. தங்கறதுக்கு பின்னால ஒரு ரூமு. ஆயா புள்ளைக்கு அங்கியே படிப்பு. அது நொம்பப் பெரிய விசயங்க எங்களுக்கு. எம்புள்ள இங்கிலீஷ் பேசுனா, எனக்கு ஒண்ணும் வெளங்காது, ஆனா சங்கீதமாட்டம் கேட்டுட்டே இருப்பேன்.

ஒண்ணே ஒண்ணுங்க. ஸ்கூலுக்குள்ள என்னைய அவ அம்மான்னு கூப்புடக் கூடாது. ஆயான்னுதான் கூப்புடோணும். மத்த புள்ளைங்க அம்மாவ நெனச்சு அழுவும், அதுங்களுக்குப் பொறாம வரக்கூடாதுன்னு ரூல்ஸு. படுக்கறதும் அவங்களோட மேல ஹாலுலதான். நான் கீழ. கொஞ்ச நாள்ல பழகிப்போச்சு. அவளுக்கு என்னைய விடச் சீக்கிரமாப் பழகிப்போச்சு.

அவளுக்கு ஒரு சேத்தாளி, திவ்யான்னு. திருச்செங்கோட்டுப் புள்ள. அவங்கப்பா லாரிக்கு பாடி கட்றவரு. ரெண்டும் ஒட்டிப் பொறந்ததாட்டம் திரியும். ஒருத்தி துண்டுல இன்னொருத்தி தல தொவட்டும். நான் பேன் பாக்கக் கூப்புட்டா ரெண்டும் சேந்துதான் வந்து உக்காரும், ஆயா எனக்கு மொதல்ல, எனக்கு மொதல்லன்னு சண்ட கட்டிக்கிட்டு.

அந்தத் திவ்யாதாங்க.

பேப்பர்ல பாத்தீங்களா? ஆமாங்க, அதே. போன மாசம்.

என்ன ஆச்சுன்னா, ஸ்கூல்ல நீச்சல் கிளாஸ் ஆரம்பிக்கறோம்னு புதுசா ஒண்ணு. நம்மகிட்டக் கொளம் ஏது? கிளியூர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டுல பேசி, ஏழாங்கிளாஸ் பொம்பளப் புள்ளைங்கள மொதல்ல கூட்டிட்டுப் போனாங்க. ஒரு புள்ளைக்கும் நீச்சல் தெரியாது. கத்துக்கத்தானே போவுதுங்க. கூட வந்தது பீட்டி மாஸ்டரு ஜீவானந்தம் சாரு, கிளாஸ் டீச்சரு ரூபி மிஸ்ஸு, நானு. மாஸ்டருக்கு நீச்சல் தெரியுமான்னு கேக்கறீங்களா? இதையேதாங்க விசாரிக்கற ஆபீசரும் மொதல்ல கேட்டாரு. அவரு கோ-கோ மாஸ்டருங்க! கோ-கோவுல கப்பெல்லாம் வாங்கியிருக்காரு. தண்ணியக் கண்டா பேண்ட்ட மடிச்சு உட்டுட்டு ஒரு முழம் தள்ளி நிப்பாரு.

ரிசார்ட்டுல ஒரு ஆளு இருந்தாப்புல, தண்ணியப் பாத்துக்கற ஆளுன்னு. விசிலு கழுத்துல தொங்குச்சு, கையில பஜ்ஜித் தட்டு இருந்துச்சு. ஆளு பத்தலியாம், டீ டேபிளுக்கு அவனையே இழுத்து உட்டுட்டாங்க. புள்ளைங்க ஆடுன வரைக்கும் அவன் தண்ணிப் பக்கம் வந்தத நான் கண்ணால பாக்கல.

கொளத்துக்கு நடுவுல குறுக்க ஒரு கயிறு இருந்துச்சுங்க, நீலக் குண்டு குண்டாக் கோத்தது. அதத் தாண்டுனா ஆழம். வீடியோவுல அசிங்கமாத் தெரியுதுன்னு ரூபி மிஸ்ஸு அவுக்கச் சொன்னாங்க. ஸ்கூல் பேரு போட்ட பிளெக்ஸக் கொண்டு போயி அக்கட்டச் செவுத்துல கட்டுனாங்க. அந்தச் செவுத்துலதான் ஆழம் எத்தன அடின்னு எழுதியிருந்துச்சாம். போலீஸு பிளெக்ஸ அவுத்தப்பறம்தான் எனக்கே தெரியும். ரூபி மிஸ்ஸு கெட்டவங்க இல்லீங்க. எனக்கு ஒடம்பு முடியாதப்பக் கஞ்சி வெச்சுக் குடுத்தவங்க. ஆனா அன்னைக்குக் கண்ணு பூரா போனுக்குள்ளயே இருந்துச்சு.

எனக்கு என்ன வேலைன்னா ஸ்வெட்டரு. எங்க மலையில அது ஒரு பழக்கங்க. புள்ளைங்க வெளையாட எறங்குனா ஸ்வெட்டரக் கழட்டி ஆயா மடியில போட்டுட்டுப் போகும். முடிஞ்சதும் வந்து வாங்கி மாட்டிக்கும். மடியில ஒண்ணு இருந்தாக்கூட ஒரு புள்ள இன்னும் வெளிய இருக்குதுன்னு அர்த்தம். மடி காலியாச்சுன்னா நம்ம வேல முடிஞ்சுது. அதுல பேரு இங்கிலீஷ்ல தெச்சிருக்கும், எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா ஒவ்வொண்ணும் ஆருதுன்னு தெரியும். எல்லாத்துலயும் என் ஊசி பட்டிருக்கும்ல. திவ்யாதுல மேல் பட்டன் மட்டும் கறுப்பு. நீலம் கெடைக்கல, நாந்தான் கறுப்புல வெச்சுத் தெச்சேன்.

மேகம் எறங்குச்சுங்க அப்ப. நீங்க கீழ இருந்து வர்றவங்க, உங்களுக்கு அது பாக்க அழகா இருக்கும். போட்டோ புடிப்பீங்க. எங்களுக்கு அது கதவச் சாத்துன மாதிரி. இக்கட்ட இருக்கற கை அக்கட்டத் தெரியாது. கொளத்துல இந்தக் கரையில உக்காந்திருக்கேன், எதிர்க் கரையக் காணோம். தண்ணியச் சலப்பறதும் சிரிப்பும் மட்டும் கேக்குது. நான் சொன்னேங்க, சாமி சத்தியமாச் சொன்னேன், சாரு, புள்ளைங்கள ஏத்தி உடுங்க சாருன்னு. டிரைவரு டீ குடிக்கறாப்புல, சித்த நேரம் ஆடட்டும் ஆயான்னாரு.

அப்பறம் அவருக்கே என்னமோ பட்டிருக்கும். விசிலடிச்சாரு. எல்லாரும் செவுத்தப் புடிச்சு நில்லுங்கன்னாரு. ஆளுதான் தெரியலியே, அதனால ஹாஸ்டல்ல பண்றாப்புல நம்பரு கூப்புட்டாரு. அவரு கூப்புடக் கூப்புட மேகத்துக்குள்ள இருந்து ஒவ்வொரு கொரலா வந்துச்சு. பிரசென்ட் சார், பிரசென்ட் சார்னு. எல்லா நம்பருக்கும் வந்துருச்சு. சரி, எல்லாம் ஏறுங்கன்னாரு.

சொல்றேங்க, சொல்றேன். கோர்வையா வருதுங்களா? சரிங்க.

புள்ளைங்க நடுங்கிக்கிட்டு வந்து ஸ்வெட்டர வாங்கிக்கிச்சுங்க. எம்மடி காலியாயிட்டே வந்துச்சு. கடைசியில ஒண்ணு. கறுப்புப் பட்டன்.

மாஸ்டர்கிட்ட எடுத்துட்டு ஓடுனேன். திவ்யாவக் காணோம் சாருன்னேன். கூப்புட்டேன்ல ஆயா, கொரல் குடுத்துச்சுல்ல, பாத்ரூம்ல இருக்கும் பாருன்னாரு. பாத்ரூமுக்கு ஓடுனேன். கதவு கதவாத் தட்டுனேன். கண்ணு, திவ்யா, சாமின்னு கத்துறேன். திரும்பி வர்றேன், எம்புள்ள ஜெஸ்லினு நிக்கறா. எங்கையில இருந்த அந்த ஸ்வெட்டரப் பாத்தா. அப்புடியே வெளுத்துப்போச்சு மூஞ்சி. செருப்பக்கூட மாட்டாமக் கொளத்தப் பாத்து ஓடுனா. அம்மா, அம்மா, தண்ணியில பாரும்மான்னு கத்துனா. ஸ்கூல் ஆளுங்க முன்னால அவ என்னைய அம்மான்னு கூப்புட்டது அன்னைக்குத்தாங்க.

பஜ்ஜித் தட்ட வீசிட்டு அந்த ஆளுதான் குதிச்சாப்புல. பிளெக்ஸுக்கு அடியில, அந்த மூலையில இருந்துச்சுங்க புள்ள.

வேண்டாங்க, தண்ணி இருக்குது எங்கிட்ட. நான் அழுவலீங்க. இந்த வளைவுல எப்பவுமே எனக்குக் கண்ணு எரியும்.

அப்பறம் என்ன, போலீஸு, டாக்டரு, ஸ்கூலுக்கு லீவு. அதுல டாக்டரு எழுதுனத வெச்சுப் பாத்தா, மாஸ்டரு நம்பரு கூப்புடறப்பவே அந்தப் புள்ள தண்ணிக்கடியில இருந்திருக்கோணுமாம். அப்பவே தேடியிருந்தா ஒருவேளை… ஒருவேளைன்னுதாங்க சொல்றாங்க. அப்ப அது நம்பருக்குக் கொரல் குடுத்தது ஆரு?

அதத்தாங்க புடிச்சுக்கிட்டாங்க. கயிற உட்டுட்டாங்க, பிளெக்ஸ உட்டுட்டாங்க. ஸ்கூலுக்குன்னு ஒரு வக்கீலு வந்தாரு, கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு. அவரு சொல்றாரு, ஏதோ ஒரு புள்ள வெளையாட்டுத்தனமாப் பொய் சொல்லியிருக்குது, மாஸ்டரு அத நம்பிட்டாரு, ஸ்கூல் மேல என்ன தப்புங்கறாரு. அந்தப் புள்ள ஆருன்னு தெரிஞ்சுட்டாப் போதுமாம். எல்லாப் புள்ளைங்களையும் அப்பா அம்மாவோட கூப்புட்டு, தனித்தனியா உக்கார வெச்சுக் கேக்கப் போறாங்கன்னு பேச்சு.

பொய்யின்னா பொய்யில்லீங்க அது. ஹாஸ்டல்ல ஓடிட்டே இருக்கறதுதான். ஜெபமால சொல்றப்ப ஒருத்தி வயித்து வலின்னு கீழ வந்து படுத்திருப்பா. நம்பரு கூப்புட்டா சேத்தாளி அவளுக்கும் சேத்துக் கொரல் குடுத்துருவா, தண்டன வாங்கக் கூடாதேன்னு. எங்க ஆயாக்களுக்கு எல்லாந் தெரியும். கூட வேல பாக்கற ராசம்மாக்கா சிரிப்பா, இன்னைக்கு மேல ஆரும் இல்ல, கொரல் மட்டும் நெறைய இருக்குதும்பா. ஒரு புள்ள இன்னொண்ணு மேல வெச்சிருக்கற பாசங்க அது. அன்னைக்கும் அப்புடித்தான். குளுருதுடி, நான் ஏறிப் போறேன்னு திவ்யா சொல்லியிருக்கும். பாத்ரூமுக்குத்தான் போயிருக்கும்னு இது நெனச்சிருக்கும்.

இதுன்னா எதுன்னு கேக்கறீங்க.

நீங்க நாளன்னைக்கு எறங்கிப் போயிருவீங்க. உங்க பேருகூட எனக்குத் தெரியாது. அதனால சொல்றேன்.

நம்பரு கூப்புடறப்ப எம்புள்ள கொரலு எனக்கு ரெண்டு தடவ கேட்டுச்சுங்க. ஆரு நம்பரு என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா கொரலு தெரியும்ல. ஒரு தடவ நல்லா, இன்னொரு தடவ சித்த மூக்கால. மலையில கொரலு முட்டித் திரும்பி வருமே, அதாட்டம் இருக்கும்னு நெனச்சேன். அவ ஸ்வெட்டரப் பாத்துட்டு ஓடுனா பாருங்க, அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, ரெண்டாவது வந்தது மலையில இருந்து இல்லைன்னு.

நான் அவள ஒரு வார்த்த கேக்கலீங்க. கேட்டா அவ சொல்லிருவா. சொல்லிட்டா அப்பறம் அது எங்க ரெண்டு பேருத்துக்கும் தெரிஞ்சதாப் போயிரும். அப்பறம் ஆராவது கேட்டா அவளால மறைக்க முடியாது. பொய் சொல்லத் தெரியாதுங்க அவளுக்கு. ஸ்கூலு மறுபடி தொறந்ததும் ஒரு வாரம் போனா. நம்பரு கூப்புட்டா வாயத் தெறக்கறதில்லியாம், கைய மட்டும் தூக்கறாளாம். மிஸ்ஸு ஒருத்தங்க எங்கிட்ட வந்து உங்க பொண்ணுக்குத் திமிரு ஆயான்னாங்க. அன்னைக்கே டிசி கேட்டு வாங்கி, மாரமங்கலத்துல எந்தங்கச்சி ஊட்டுல கொண்டு போயி உட்டுட்டேன். அங்கயிருந்து நடந்து போற ஸ்கூலு. பஸ் ஏத்தி உட்டுட்டு வந்தப்ப ஜன்னல்ல இருந்து என்னையவே பாத்துட்டுப் போனா. அம்மான்னு கூப்புடுவான்னு நின்னேன். கூப்புடல.

இப்ப அந்த ரூமுல நான் மட்டுந்தாங்க. ராசம்மாக்கா எதிர்ல வந்தா அக்கட்டால போயிருவா. அவளையும் தப்புச் சொல்ல முடியாது, சாட்சி சொல்லப் போறவகிட்டப் பேசுனா அவ வேலையும் போயிரும்ல. சோத்துக்கு மட்டும் கதவத் தொறக்கறது. சாயங்காலம் மேல ஹாலுல ஜெபமால சொல்ற சத்தம் கேக்கும். நான் கீழ உக்காந்து, இதுல ஆரு ரெண்டு தடவ கொரல் குடுக்கறான்னு காதக் குடுத்துக் கேட்டுட்டு இருப்பேன். கெட்ட பழக்கமாப் போச்சு.

இன்னைக்குத்தாங்க என்னைய விசாரணைக்குக் கூப்புட்டாங்க. நேத்தெல்லாம் சோறு எறங்கல. தப்பாச் சொல்லிருவனோ, ஒளறிருவனோன்னு. ஆபீசரு நல்ல மனுசன், உக்காருங்கம்மான்னாரு. மாஸ்டரு ஒருபக்கம், மிஸ்ஸு ஒருபக்கம், வக்கீலு. வாசல்ல திவ்யாவோட அப்பா. நாலு பேரு புடிச்சுத்தான் அவர உக்கார வெச்சிருந்தாங்க. அந்த மனுசன் வேற ஒண்ணும் கேக்கலீங்க. எம்புள்ளயக் கூப்புட்டப்ப பதில் சொன்னது ஆருன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க சாருன்னாரு.

நான் எல்லாத்தையும் சொன்னேங்க. கயிறு, பிளெக்ஸு, பஜ்ஜித் தட்டு, மாஸ்டருக்கு நீச்சல் தெரியாதது, மேகம் எறங்கிடுச்சு ஏத்துங்கன்னு நான் சொன்னது, ஒண்ணையும் உடல. மாஸ்டரு தலையத் தூக்கவே இல்ல. வக்கீலு நடுவுல நடுவுல நிறுத்தப் பாத்தாரு, நான் நிக்கல. அந்தக் கொரல மட்டுந்தான் எனக்குன்னு எடுத்துக்கிட்டேன்.

ஆமாங்க. திவ்யா நம்பருக்குக் கொரல் குடுத்தது நாந்தானுங்கன்னு சொல்லிட்டேன். புள்ள பாத்ரூம்ல இருக்கும்னு நெனச்சேன், மாஸ்டரு திட்டுவாரேன்னு நாந்தான் குடுத்தேன்னு.

பைத்தியம்னுதாங்க நெனைப்பீங்க. எந்தங்கச்சியும் அதான் சொல்லுவா. வேல போச்சு. ரூமக் காலி பண்ணோணும். கேஸு எம்மேலயும் வருமாம். வந்துட்டுப் போவுது. திவ்யாவோட அப்பா என்னையப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வ… அடிச்சிருந்தாத் தேவலீங்க. அந்தப் பார்வ எம்புள்ள மேல உழுந்திருந்தா அவ அப்பறம் எந்திரிப்பாளா சொல்லுங்க? இனி ஒரு புள்ளையவும் ஆரும் கூப்புட்டுக் கேக்க மாட்டாங்க. அது முடிஞ்சுபோச்சு. ஜெஸ்லினுக்குச் சேதி போகும். அவளுக்கு மட்டுந் தெரியும், எங்கம்மா பொய் சொல்லுதுன்னு. அப்பவாவது எங்கிட்டப் பேசுவாளோ, இல்ல இன்னும் தள்ளிப் போயிருவாளோ, அதுதான் தெரியலீங்க.

எப்புடி நம்புனாங்கன்னா? நல்லாக் கேட்டீங்க. வக்கீலுக்குக்கூட மொதல்ல நம்பிக்க வரல. அவரு தேடுனது புள்ளையத்தானே. சாரு, இந்தம்மா கொரலு எங்க, சின்னப் புள்ள கொரலு எங்கன்னாரு. ஆபீசரும் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, சொல்லிக் காட்டுங்கம்மான்னாரு.

கேப்பாங்கன்னு எனக்குத் தெரியுங்க. அதனாலதான் ஒரு வாரமா ஹாஸ்டல்ல மாவாட்டற ரூமுல, கிரைண்டர் ஓடறப்பப் பாத்து, ஆருக்கும் கேக்காம, நின்னு நின்னு பழகிட்டு இருந்தேன். மூக்கால எடுத்து, சித்த மேல தூக்கி. அதுலதாங்க இந்தத் தொண்ட கட்டுனது. சொல்லிக் காட்டுனேன். மாஸ்டரே ஆமா சாரு, இதே கொரலுதான்னாரு.

உங்களுக்குமா? வேண்டாங்க, பஸ்ஸுல… சரி. மெதுவாச் சொல்றேன், காதக் கிட்டக் கொண்டாங்க.

பிரசென்ட் சார்.

ஐயோ, பாப்பாவ எழுப்பி உட்டுட்டேன் பாருங்க. இல்ல சாமி, இங்க அக்கா ஆரும் இல்ல, நீ தூங்கு கண்ணு. பாருங்க அம்மிணி, சீட்டுக்கடியில குனிஞ்சு தேடுது, எந்தப் புள்ள கூப்புட்டுச்சுன்னு.